பட்லர் கந்தப்பனும் மிராசுதாரின் பாட்டனும்

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. 2005இல் திறந்தார்கள். மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் சூரணமும் தைலமும் வாங்கப் புறநகர் முழுவதிலிருந்தும் சனம் வந்து நிற்கிற இடம். அயோத்திதாசர் சித்த வைத்தியர். ஆகவே பொருத்தமான மரியாதைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த மரியாதைக்குள் இயங்கும் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்தவர், 1898இல் இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியவர், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கித் தமிழ் வரலாற்றையே பௌத்தத்தின் பக்கமிருந்து திருப்பிப் படித்துக் காட்டியவர், யாருக்கும் தொந்தரவு தராத 'வைத்தியர்' என்கிற அடையாளத்துக்குள் மடித்து வைக்கப்படுகிறார். கஷாயத்துக்கு யாரும் மறுப்பு எழுத மாட்டார்கள் அல்லவா?

பேரன் இப்படிப் போர்டில் ஏறியாச்சு. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது அவரது பாட்டனை. அயோத்திதாசர் தன் எழுத்தில் ஒரு குடும்ப வரலாற்றைச் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்தவர் கந்தப்பன். அவர் தன்னிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஏடுகளைத் துரையிடம் கொடுத்தார். துரை வழியாக அவை எல்லிஸ் கைக்குப் போயின. குறள் அச்சேறியதற்கு இதுவே வழி. பின்னால் வந்த அச்சுப் பதிப்புகளில் பாடம் மாறியிருப்பதையும், வள்ளுவரைப் பார்ப்பானுக்கும் பறைச்சிக்கும் பிறந்த பிள்ளையாக்கும் கதை ஒட்டவைக்கப்பட்டிருப்பதையும் கண்டு கந்தப்பன் கேள்வி எழுப்பினார் என்றும் சொல்கிறார். அந்தக் கந்தப்பன் தன் பாட்டனார்.

ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகு இந்தக் கதை பரவலாகப் பேசப்பட்டது. இரண்டே இரண்டு விதமாகத்தான் பேசினார்கள் என்பது என் வருத்தம். மேடையில் ஒரு தரப்பு: "குறளை உலகத்துக்குக் கொடுத்ததே எங்க கந்தப்பன்தான்." கருத்தரங்க அறையில் இன்னொரு தரப்பு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி: "சரிங்க, ஆதாரம் எங்கே?" முதல் குரலின் உணர்ச்சியை நான் புரிந்துகொள்கிறேன். இரண்டாவது குரலைத்தான் விசாரிக்க வேண்டும். ஆதாரம் என்கிற சொல்லை நம் கல்வித்துறை ஏதோ வானத்திலிருந்து விழுந்த தராசைப் போலக் கையாளுகிறது. அந்தத் தராசு எப்போது, யார் வீட்டுக் கூடத்தில் தொங்கவிடப்பட்டது? பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் 'பாட்டன்' என்கிற உருப்படி யாருக்கெல்லாம் வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது?

முதலில் அச்சுப் பிரதியையே பார்த்துவிடலாம். 1812இல் வந்த 'திருக்குறள் மூலபாடம்', நாலடியார், திருவள்ளுவமாலை ஆகியவற்றோடு சேர்ந்தது, மாசத்தினச்சரிதை அச்சுக்கூடத்தில் பதிக்கப்பட்டது. அதன் முகப்புத் தாளில் ஒரு மகனும் அப்பனும் இருக்கிறார்கள். தொண்டைமண்டலம் சென்னப்பட்டணத்தில், தஞ்சைநகரம் மலையப்ப பிள்ளை குமாரன் ஞானப்பிரகாசன் பதிப்பித்தது என்று. மண்டலம், பட்டணம், பூர்வீக ஊர், தகப்பன் பெயர், சாதிப் பட்டம், தன் பெயர் என ஒரு மனிதனை வரலாற்றில் நிறுத்துவதற்கு வேண்டிய அத்தனை ஆணிகளும் அந்த ஒற்றைத் தொடரில் அடிக்கப்பட்டிருக்கின்றன. கந்தப்பன் அந்த முகப்பில் இல்லை. ஏடு எந்தச் சமையலறை வாசல் வழியாக வந்தது என்று எழுதுவது முகப்புத் தாளின் வேலையும் அல்ல.

எல்லிஸ் நிலைமையே வேறு. பிரான்சிஸ் வைட் எல்லிஸ் (1777–1819), 1810இலிருந்து சென்னைக் கலெக்டர்; 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமைய மூலகாரணர்; கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே, 1816இல், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று வாதிட்டவர். அவர் விட்டுப்போன தடயங்களை வரிசையாகப் பாருங்கள். 1818இல் சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது வெட்டிய கிணறுகளைச் சொல்லும் கல்வெட்டு, குறளைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு, ராயப்பேட்டையில் நின்றது. வள்ளுவர் உருவம் பொறித்த தங்கக் காசு. அதை எல்லிஸோடு இணைத்து அடையாளம் காட்டியவர் ஐராவதம் மகாதேவன். திண்டுக்கல்லில் கல்லறை. கல், பொன், பிறகு கல். இத்தனைக்கும் நாற்பது சொச்சம் வயசில் ராமநாதபுரத்தில் செத்துப்போன ஆள்.

அந்த எல்லிஸின் காகிதங்களுக்கு நேர்ந்த கதியை வால்டர் எலியட் பதிவு செய்திருக்கிறார். எல்லிஸ் இறந்த பிறகு அவர் சேர்த்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகள் மதுரைக் கலெக்டர் வீட்டில் கிடந்தனவாம். அந்த வீட்டுச் சமையல்காரன் மாசக்கணக்கில் அவற்றை எடுத்து அடுப்புப் பற்றவைக்கவும் கோழி பொசுக்கவும் பயன்படுத்தினானாம். தமிழியல் வரலாறு எழுதுகிற எல்லோரும் இதைச் சொல்லி ஒரு பெருமூச்சு விடுவார்கள். நான் சொல்ல வருவது பெருமூச்சைப் பற்றியல்ல. ஒரு துரையின் சமையல்காரன் காகிதத்தை எரித்தான் என்கிற கதைக்கு இன்றுவரை ஒருத்தரும் ஆதாரம் கேட்டதில்லை. பெயரில்லாத சமையல்காரன், கேட்டவர் சொன்ன சேதி, அவ்வளவுதான். ஆனாலும் அது வரலாறு. இன்னொரு துரையின் பட்லர் ஏடு கொடுத்தான், பெயர் கந்தப்பன், சொல்பவன் அவன் பேரன் என்று வந்தால் மட்டும் 'குடும்பப் பெருமை'. அடுக்களைக்காரன் அழித்தான் என்றால் நம்பத் தோன்றுகிறது, காப்பாற்றினான் என்றால் நம்பத் தோன்றவில்லை. இந்த நம்பிக்கைக்குப் பெயர் என்ன?

தாம்பரத்திலிருந்து ரயிலில் வடக்கே போனால் பல்லாவரம், அதைத் தாண்டிப் பரங்கிமலை. பல்லாவரம் கன்டோன்மென்ட், பரங்கிமலை மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்த ஊர். இங்கிலாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தங்கள் கொள்ளுத்தாத்தனைத் தேடுகிறவர்கள் இந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் நம்மைவிட நன்றாக அறிவார்கள். காரணம், கம்பெனி ராஜ்ஜியத்தில் கோவில் பதிவேடுகளின் நகல் வருஷந்தோறும் லண்டனுக்குப் போயிற்று. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றும். மதராஸ் ராஜதானிக்கு 'என்/2' என்று வரிசைக் குறியீடு போட்டு இன்றைக்கும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கட்டணம் கட்டினால் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். பரங்கிமலையில் பேதியில் செத்த சாதாரண கன்னர் ஒருவனுக்குக்கூட நாள், வயசு, பட்டாளம், பாதிரி கையெழுத்து எல்லாம் உண்டு. அதே பதிவேட்டில் அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பக்கத்தைத் திருப்பினால், பலவற்றில் அம்மா பெயர் இல்லை. 'நேட்டிவ் பெண்' என்று இருக்கும், அல்லது அந்த இடம் காலி. அந்தப் பெண் எந்தச் சேரியிலிருந்து, எந்தப் படைக்கடைத் தெருவிலிருந்து வந்தாள்? அவள் வழியில் தேடுகிறவர்களுக்குப் பதிவேடு அங்கேயே கதவைச் சாத்திவிடும். வம்சாவளி என்பது ஒரு பக்கம் மட்டும் கிளைவிடும் மரமாக அங்கே வளர்க்கப்பட்டது.

செங்கல்பட்டு ஜில்லாவின் கீழ்ச்சாதிக்காரனுக்கு இப்படி விவரமான பதிவு கிடைத்த இடமும் ஒன்று உண்டு. அது கப்பல். 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' மதராஸிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், தகப்பன் பெயர், வயசு, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. நாலாம் தலைமுறைப் பேரப்பிள்ளைகள் இந்தப் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து இறங்குகிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு இங்கிலீஷ் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை ஆட்டோக்காரரிடம் காட்டி வழி கேட்கிறார்கள். 'இடது முழங்காலில் தழும்பு' என்கிற வகையான வாசகம், சொந்த ஊரில் இருந்திருந்தால் அந்த மனிதனைப் பற்றி யாராலும் எழுதப்பட்டிருக்காது. தொலைந்துபோனால் பிடித்து வர வேண்டுமே என்பதற்காக எழுதப்பட்டது அது.

ஃபூக்கோ 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் சுட்டுவார். அதிகாரத்தோடு மோதிய அந்த ஒரு கணத்தில் மட்டும் வெளிச்சம் பட்டு, வேறெங்கும் தடயமில்லாமல் போன வாழ்க்கைகள். ஆனால் ஃபூக்கோவைத் தமிழ்ச் சூழலுக்கு அப்படியே இறக்கிவிட முடியாது. அவரது ஆவணத்தில் சாதி என்கிற கட்டம் கிடையாது. நம் கப்பல் பட்டியலில் உண்டு, அதுதான் சிக்கல். டிப்போவில் குமாஸ்தா கேட்டபோது ஒருவன் தன் சாதியை மாற்றிச் சொல்லியிருக்கலாம். குமாஸ்தாவே ஊகித்து எழுதியிருக்கலாம். கடல் தாண்டுவதே அதைத் தூக்கி எறியத்தான் என்று கிளம்பியவனும் இருப்பான். இன்றைக்குத் தேடி வருகிற பேரன் அந்தக் கட்டத்தை வேர் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போகிறான். பாட்டன் உதறிய சட்டையைப் பேரன் எடுத்து இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்கிற மாதிரி.

இனி மையமான விஷயத்துக்கு வருகிறேன். கந்தப்பனின் ஏட்டை வாங்கியதாகச் சொல்லப்படும் அதே எல்லிஸ், 1818இல் அச்சான இன்னொரு நூலின் ஆசிரியர். மிராசு உரிமை பற்றி அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்கு அவர் எழுதிய பதில். கள ஆய்வு பெரும்பாலும் இந்தத் தொண்டை மண்டலம், அதாவது கம்பெனி 1763இல் நவாபிடமிருந்து ஜாகீராகப் பெற்ற செங்கல்பட்டுச் சீமை. இன்று நாம் தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று சொல்கிற தென்புறமும் இதில் அடக்கம். கேள்வி எளிமையானது: கிராமத்தில் நிலம் யாருடையது? அதற்கு எல்லிஸும் அவருடைய சிரஸ்தார் சங்கரய்யாவும் திரட்டிய சாட்சியங்கள் எவை? சாசனங்கள், விற்பனைச் சீட்டுகள், ஸ்மிருதிகள். கூடவே ஒரு கதை: ஆதொண்டைச் சக்கரவர்த்தி குறும்பரை அடக்கித் தொண்டை மண்டலத்தில் வேளாளரைக் குடியேற்றினான், அன்று அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட காணியாட்சியே இன்றைய மிராசு.

கவனியுங்கள். இதுவும் ஒரு பாட்டன் கதைதான். வாய்வழி வந்தது, செவிவழி சேகரித்தது. எந்த முகப்புத் தாளிலும் கையெழுத்து இல்லாதது. கந்தப்பன் கதைக்கும் பேரனுக்கும் இடையில் இரண்டு தலைமுறை. ஆதொண்டைக்கும் 1818க்கும் இடையில் எத்தனை நூற்றாண்டு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அது 'பாரம்பரியம்' என்ற தகுதியில் வருவாய்த் துறையின் நூலில் இடம்பெற்றது, நில உரிமையின் தத்துவமாயிற்று, கலெக்டர் கச்சேரியில் பேசியது, தரிசு நிலத்தில் முதல் பாத்தியதை தந்தது. மிராசுதாரின் பாட்டன் புராணத்திலிருந்து நேராக நடந்து வந்து ரெவின்யூ ரிக்கார்டில் உட்கார்ந்துகொண்டான். அந்த ரிக்கார்டில் பறையர் இல்லாமலில்லை, இருக்கிறார்கள்: நிலத்தோடு சேர்ந்த ஆள்களாக, பண்ணையாள்களாக, எண்ணிக்கையாக. உரிமையுள்ளவனுக்கு வம்சம், உழைக்கிறவனுக்குத் தலைக்கணக்கு. 1843இன் 5ஆம் சட்டம் அடிமை உடைமையை இனிச் சட்டம் அங்கீகரிக்காது என்று சொல்லியதோடு நிறுத்திக்கொண்டது; வம்சத்தைத் திருப்பித் தரவில்லை.

செங்கல்பட்டின் இந்த நூறு ஆண்டு வரலாற்றை யூஜின் இர்ஷிக் 1994இல் ஒரு நூலாக எழுதினார். வெள்ளைக்காரனும் உள்ளூர்க்காரனும் 'உரையாடி' உருவாக்கிய அறிவு என்பது அவர் வாதம். உரையாடலில் யார் யார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்கிற கேள்வியை அவர் போதுமான அளவு அழுத்தவில்லை என்பது என் கருத்து. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில் அரசும் மிராசுதாரும் சேர்ந்து பறையர் உழைப்பைப் பிடித்து வைத்திருந்த முறையை விரிவாகக் காட்டிய பிறகு, 'உரையாடல்' என்கிற அந்தச் சொல் ரொம்பவும் மரியாதையான சொல்லாகப் படுகிறது.

இதே ஜில்லாவுக்கு எல்லிஸ் நூலிலிருந்து எழுபது சொச்சம் வருஷம் கழித்துக் கலெக்டராக வந்தவர் டிரமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர் பற்றி 1891இல் அவர் கொடுத்த அறிக்கை மிராசு முறையின் மறுபக்கத்தைக் காட்டியது. சேரி இருக்கும் நத்தமும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். தரிசுக்குத் தர்காஸ்து மனுப் போட்டால் மிராசுதார் குறுக்கே வந்து 'எனக்கு முதல் பாத்தியதை' என்பார். பாட்டன் கதைக்கு இருந்த பலன் இதுதான். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010, 1010ஏ வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட அந்த நிலங்களைத்தான் பஞ்சமி நிலம், டி.சி. நிலம், கண்டிஷன் பட்டா என்று பின்னாளில் ஊர்க்காரர்கள் அழைத்தார்கள். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்தச் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது அவற்றோடு சேர்ந்து வந்த நிபந்தனை. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

இந்த இடத்தில்தான் பாட்டனைத் தேடுவது பொழுதுபோக்கு என்கிற எல்லையைத் தாண்டுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் இறந்தார்கள். கோரிக்கையின் உள்ளடக்கம் என்ன? எங்கள் முப்பாட்டனுக்கு எழுதிக் கொடுத்த நிலம் எங்களிடம் வர வேண்டும் என்பது. அப்படிக் கேட்கிறவன் முதலில் செய்ய வேண்டிய வேலை, லண்டன் நூலகத்தில் கன்னர் கொள்ளுத்தாத்தனைத் தேடுகிறவன் செய்கிற அதே வேலைதான். செட்டில்மெண்ட் பதிவேடு, 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா. ஆனால் இந்தப் பதிவேடுகளை எழுதி, தன் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர் யார்? பரம்பரைக் கர்ணம். 1980இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவியை ஒழிக்கும்வரை தகப்பன் எழுதிய கணக்கை மகன் எழுதினான். இங்கேயும் ஒரு வம்சாவளி, எழுதுகிறவனின் வம்சாவளி. அவன் கையெழுத்தில் உன் பாட்டன் பெயர் வெறும் 'சின்னான்' என்று இருக்கும். தகப்பன் பெயர்க் கட்டத்தில் இன்னொரு 'சின்னான்'. ஒரு சேரியில் எத்தனை சின்னான்! எந்தச் சின்னானின் பேரன் நீ என்று நிரூபி என்கிறது சட்டம்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மனை வாங்கப் போனவர்களுக்குத் தெரியும்: வக்கீல் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். அப்புறம் முப்பது வருஷ வில்லங்கம். முடிச்சூரிலோ படப்பைப் பக்கமோ அரை கிரவுண்டு நிலத்துக்குத் தாய் யார், பாட்டி யார், எந்த வருஷம் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எத்தனாம் நம்பர் ஆவணம் என்று மூணு தலைமுறை சொல்லிவிடலாம். மண்ணுக்கு இருக்கிற இந்த வம்சாவளி அதை உழுதவனுக்கு இல்லை. ஏரி தூர்ந்து நகர் ஆனது, நகர் நூறடி ரோடு ஆனது, டி.சி. என்று சிவப்பு மையில் குறித்த சர்வே எண்கள் எந்த லே-அவுட்டுக்குள் போயின என்பதைக் கண்டுபிடிக்கிற வேலை சில வழக்கறிஞர்களும் இயக்கத் தோழர்களும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு மனுப்போட்டுச் செய்துவருவது. தமிழ்த்துறைகளுக்கு இதில் வேலை இருப்பதாகவே தோன்றவில்லை. சுவடியியல் படிக்கிறவன் பழைய அடங்கலையும் படிக்கக் கற்றுக்கொண்டால் குடி முழுகிவிடாது.

இந்தப் பின்புலத்தில் கந்தப்பனுக்குத் திரும்பினால், 'உண்மையா, பொய்யா' என்கிற கேள்வி எவ்வளவு சின்னக் கேள்வி என்பது தெரியும். அயோத்திதாசர் ஒரு சாட்சியம் மட்டும் சொல்லவில்லை, ஒரு உத்தியைக் கைக்கொள்கிறார். வேளாளனுக்கு ஆதொண்டை கொடுத்ததை, பிராமணனுக்குக் கோத்திரம் கொடுத்ததைத் தன் மக்களுக்குக் கொடுக்கக் கூடிய ஒரு முன்னோனை அவர் நிறுவுகிறார். அந்த முன்னோன் யார் என்பதில்தான் அவருடைய விசேஷம். நந்தன் என்று ஒரு ராஜாவையும் அவர் எழுத்தில் பார்க்கலாம். ஆனால் ரத்த உறவில், 'என் பாட்டன்' என்று சுட்டுகிற இடத்தில் அவர் நிறுத்துவது ராஜாவை அல்ல, வெள்ளைக்காரன் வீட்டு பட்லரை. கோப்பை ஏந்துகிற கையில் ஏட்டைக் கொடுத்துக் காட்டுகிறார். நிலமில்லாதவனிடம் நூல் இருந்தது. கலெக்டரிடம் மிராசுதார் பட்டயத்தோடு போனான், கந்தப்பன் குறளோடு போனான். நிலத்துக்கு உரிமை கேட்க ஒரு வம்சாவளி, நூலுக்கு உரிமை கேட்க ஒரு வம்சாவளி, இரண்டும் வந்து சேர்கிற மேசை எல்லிஸுடையது. குறளைத் 'திரிக்குறள்' என்று பெயர் மாற்றிப் பௌத்தத் திரிபிடகத்தின் வழிநூலாக அவர் வாசித்ததற்கும், பாட்டனை அந்த ஏட்டின் காவலனாக வைத்ததற்கும் இடையில் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஏடு காத்தவனுக்குத்தானே பாடம் தெரியும்? வள்ளுவரின் பிறப்புக் கதையைக் கந்தப்பன் மறுத்ததாக அவர் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பதிப்பாசிரியர்கள் வள்ளுவருக்கு ஒரு பார்ப்பனத் தகப்பனைத் தயாரித்துக் கொடுத்தார்கள். அந்தத் தகப்பனை எதிர்த்துத்தான் இந்தப் பாட்டன் நிற்கிறான். போலி வம்சாவளிக்கு எதிராக ஒரு வம்சாவளி.

இன்னொன்று. இந்தப் பாட்டன் கதையைச் சொல்பவரின் இயற்பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது அவருடைய ஆசிரியரின் பெயர். குடும்பம் வைத்த பெயரைக் கழற்றிவிட்டு, படிப்புச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரை வாழ்நாள் முழுக்கச் சூடிக்கொண்டவர் ரத்த வழியை மட்டும் நம்பியவராக இருக்க முடியாது. அவர் நூலில் பாட்டன் வருவதும் ரத்தத்துக்காக அல்ல, ஏட்டுக்காக. கந்தப்பன் வெறும் பட்லராக மட்டும் இருந்திருந்தால் பேரன் எழுத்தில் வந்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான்.

இந்தச் சந்தேகத்தை அயோத்திதாசர் மீதே திருப்ப வேண்டியிருக்கிறது. ஏடு இல்லாத பாட்டன்களை என்ன செய்வது? பூர்வத்தில் கற்றவர்கள், பௌத்தர்கள், பின்னால் சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் என்கிற அவருடைய பெருங்கதையாடல், பூர்வத்திலும் கற்றிராதவர்களாக வேறு சிலரை வெளியே நிறுத்துகிறது. தோட்டி, சக்கிலியர், குறவர் என்று அவர் பிரித்துக் காட்டுகிற இடங்களைப் படித்தவர்களுக்கு இது தெரியும். அருந்ததியர் தரப்பிலிருந்து எழுந்த விமர்சனத்தை 'இந்த நேரத்தில் இது தேவையா' என்று ஒதுக்குவது நேர்மையாகாது. முன்னோனைக் கொண்டு மானத்தை நிறுவும்போது, முன்னோன் இல்லாதவன் என்று ஒருவன் தேவைப்பட்டுவிடுகிறான். மிராசுதாரின் தர்க்கத்திலிருந்து இது எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது?

பெண்கள் விஷயமும் அப்படித்தான். கந்தப்பனுக்கு மனைவி இருந்திருப்பாள். துரை வீட்டில் கந்தப்பன் தட்டு கழுவிக்கொண்டிருந்த பகல்களில், மழையிலும் கறையானிலும் அந்த ஏடுகள் சிதையாமல், வேப்பிலையோ வசம்போ போட்டுக் குடிசையில் காத்தது யார்? பேரன் எழுதவில்லை. பரங்கிமலைக் கோவில் பதிவேட்டின் அந்தக் காலிக் கட்டம் இங்கேயும் வந்துவிடுகிறது, வேறொரு கையெழுத்தில்.

இத்தனை சொன்ன பிறகும், கந்தப்பன் கதையை ஆதாரமில்லை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு பாக்கியிருக்கிறது. டி. தருமராஜ் 2019இல் வெளியிட்ட அயோத்திதாசர் பற்றிய நூல் உட்பட, கடந்த இருபது வருஷங்களில் அவருடைய எழுத்தை ஒரு வாசிப்பு முறையாக எடுத்துக்கொண்டு பேசும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவற்றைக் குறித்து வாதிடலாம். வாதிடாமல், ஒரே வரியில் "குடும்பக் கதைங்க அது" என்று முடித்துக்கொள்கிறவர்கள் மிராசுக் கதையையும் அதே வரியில் முடிக்கத் தயாரா? ஆதொண்டைக்கு ரசீது கேட்டவர் யார்? உ.வே.சா. ஏடு தேடிய பயணங்களுக்கு அவரே எழுதிய சுயசரிதைதானே பெரும்பகுதிக்குச் சாட்சி? அதை நாம் நம்புகிறோம், நம்பத்தான் வேண்டும். ஏடு கொடுத்த வீட்டுக்காரர்கள் பெயர்கள் அவர் பதிப்புகளின் முன்னுரைகளில் நன்றியோடு இருக்கின்றன: ஆதீனங்கள், கவிராயர் வீடுகள், ஜமீன்கள். நன்றி சொல்லத்தக்க வீடுகள் எவை என்பதில் அந்த முன்னுரைகளுக்கு ஒரு எல்லை இருந்தது.

அயோத்திதாசருக்கு முன்னுரை எழுதி நன்றி சொல்ல யாரும் இல்லை. அவர் தானே பத்திரிகை போட்டார். 1907 ஜூனில் தொடங்கியபோது அதன் விலையையே பெயராக வைத்தார், ஒரு பைசா. ஒரு வருஷம் கழித்துப் பெயரிலிருந்து பைசாவை எடுத்துவிட்டு 'தமிழன்' என்றாக்கினார். வாரா வாரம் புதன்கிழமை வந்த அந்தத் தாளை ராயப்பேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் கடல் கடந்தும் வாங்கிப் படித்தவர்களில் துரை வீட்டு பட்லர்களும் ஆயாக்களும் இருந்திருப்பார்கள். கந்தப்பன் பெயர் அச்சில் வந்தது அவர்கள் வாங்குகிற தாளில்.